சுரண்டிய பெயர்

ராஜா,

இதை நேரில் சொல்லத்தான் நினைத்தேன். மூன்று முறை உன் அறை வாசல் வரை வந்தேன். முதல் முறை நீ போனில் பேசிக்கொண்டிருந்தாய். இரண்டாம் முறை சும்மாதான் இருந்தாய், "இன்னாப்பா?" என்று கேட்டாய். ஃபேன் ரெகுலேட்டர் சரியாக வேலை செய்கிறதா என்று பார்க்க வந்தேன் என்று சொல்லி, அதை இரண்டு திருகு திருகிவிட்டு வந்துவிட்டேன். மூன்றாம் முறை கதவையே தட்டவில்லை. ஒரு சத்தம் போட்டால் நூறு ஆள் நின்ற தொண்டை இது. அறுபத்து நாலு வயதில், பெற்ற பிள்ளையிடம் நாலு வார்த்தை சொல்ல அதற்குத் துப்பில்லை. அதனால்தான் எழுதுகிறேன். எழுத்து எனக்கு நன்றாக வரும். எஸ்.எஸ்.எல்.சி. வரை படித்து, கையெழுத்து அச்சடித்த மாதிரி இருந்ததால்தான் மூட்டை தூக்க வந்த என்னை மேஸ்திரி ஆக்கினார்கள். உன் எழுத்து கோழி கிளறின மாதிரி இருக்கிறது என்று உன்னை எத்தனை முறை திட்டியிருக்கிறேன்! என் அழகான எழுத்து என்ன செய்தது என்பதைக் கேட்டால் இனிமேல் நீ என்னைத் திட்டலாம். படித்துவிட்டு யாரிடம் வேண்டுமானாலும் காட்டு. உன் ஆபீஸ் சுவரில் ஒட்டினாலும் எனக்கு ஆட்சேபம் இல்லை.

இரண்டு ஞாயிற்றுக்கிழமைகளுக்கு முன்னால், மதியம் மூன்று பேரும் சாப்பிட்டுக்கொண்டிருந்தோம். காசிமேட்டிலிருந்து நான் வாங்கி வந்த வவ்வால் மீனை அம்மா குழம்பு வைத்திருந்தாள். நீதான் பேச்சை ஆரம்பித்தாய். "நேத்து ஒருத்தன் வந்தாம்பா, குடோன் செக்யூரிட்டி வேலைக்கு. அம்பது வயசு இருக்கும். வெரிஃபிகேஷன் போட்டா ரவுடி லிஸ்ட்ல பேரு கீது. ஒருத்தன் கைய வெட்டி உள்ள போயிட்டு வந்தவன். நம்ம கம்பெனிக்கு இதெல்லாம் ஆவாதுன்னு அனுப்பிட்டேன்" என்றாய். "ஐயோ, உன்ன எதுனா பண்ணானா?" என்று அம்மா பதறினாள். "ஒண்ணும் பண்ணல. வாசல் வரைக்கும் போயி திரும்பி, 'அப்பா நல்லா கீறாரா?'ன்னு கேட்டான். இந்த ஏரியால உங்கள தெரியாத ஆளே இல்லப்பா" என்று சிரித்தாய். பேர் என்ன என்று கேட்டேன். "டில்லியோ என்னமோ" என்றாய். கையில் எடுத்த சோற்றைத் தட்டிலேயே போட்டேன். முள் குத்திவிட்டது என்று எழுந்தேன். அம்மா வெறும் சோற்றை உருண்டை பிடித்துக் கொடுத்தாள், நீ முதுகைத் தடவிவிட்டாய். முள்ளும் இல்லை, ஒன்றும் இல்லை. வந்தவன் டில்லி மாமா, ராஜா. உனக்கு ஏழு வயதில் நெட்டுக்குப்பம் முகத்துவாரத்தில் வயிற்றுக்கு அடியில் கை கொடுத்து நீந்தக் கற்றுத் தந்தானே, அதே டில்லி மாமா. தாடி வெளுத்து, கன்னத்தில் தழும்பு விழுந்து போனதால் உனக்கு அடையாளம் தெரியவில்லை. அவனுக்கு உன்னைத் தெரிந்திருக்கிறது. தெரிந்தும் தான் யார் என்று சொல்லாமல், என் சுகத்தை விசாரித்துவிட்டுப் போயிருக்கிறான்.

நான் மேஸ்திரியாக இருந்த கன்டெய்னர் யார்டு உனக்கு மங்கலாக ஞாபகம் இருக்கும். எண்ணூர் ரோட்டில் உப்புக்காற்றில் துருப்பிடித்த அந்தப் பெரிய கேட்டு. அங்கே காலையில் ஆள் எடுப்பது எப்படி என்று உனக்குச் சொன்னதே இல்லை. ஏழு மணிக்கெல்லாம் ஆட்கள் வந்துவிடுவார்கள். கேட்டில் கூட்டம் கூடினால் வாட்ச்மேன் கத்துவான் என்பதால், ஒவ்வொருவனும் தன் சாப்பாட்டு டப்பாவைக் காம்பவுண்டு சுவரோரம் வரிசையில் வைத்துவிட்டு ரோட்டுக்கு அந்தப் பக்கம் டீக்கடையில் போய் நிற்பான். டப்பாதான் ஆள். எட்டரைக்கு நான் வந்து, கையில் இருக்கிற பேனாவால் வேண்டிய டப்பாக்களை ஒரு தட்டு தட்டிக்கொண்டே போவேன். தட்டப்பட்ட டப்பாக்காரன் ஓடி வந்து உள்ளே போவான். தட்டப்படாதவனுக்கு அன்றைக்கு வேலை இல்லை. அதில் பாதிப் பேர் அங்கேயே குந்தி, மத்தியானச் சோற்றைக் காலை ஒன்பது மணிக்கே தின்றுவிடுவார்கள். பசி இல்லை ராஜா. டப்பா நிறையப் போனால் வேலை கிடைக்கவில்லை என்று வீட்டில் தெரிந்துவிடும், அதனால்தான். பேனாவை வைத்துக்கொண்டு நான் நடந்த நடை இருக்கிறதே, பெரிய கலெக்டர் தோற்றான். இன்றைக்கு நினைத்தால் கூசுகிறது.

யார்டில் எனக்குக் கொடுத்தது முப்பது பாஸ். போட்டோ ஒட்டிய, பேர் போட்ட முப்பது அட்டை. அந்த முப்பது பேரில் பாதிப் பேர் வேலையை விட்டே போய்விட்டார்கள். புதுப் பேர் சேர்க்க வேண்டுமென்றால் அந்தச் சான்றிதழ் கொண்டுவா, இந்த ஆபீசுக்குப் போ என்று நாக்குத் தள்ளும். யாருக்கு அந்தப் பேஜார்? வந்தவன் கையில் ஏதாவது ஒரு பாஸைத் திணிப்பேன். "இன்னிக்கு நீ கன்னியப்பன். நீ முனுசாமி." வருகைப் பதிவில் அந்தப் பேர்களை என் முத்து முத்தான எழுத்தில் எழுதிவிடுவேன். டில்லிக்குக் கிடைத்தது ஏழுமலை என்பவருடைய பாஸ். அந்த ஏழுமலை எப்போதோ வேலையை விட்டுச் சொந்த ஊருக்குப் போய்ச் சேர்ந்த மனிதர். டில்லி கடல் தொழில்காரன். முகத்துவாரம் சேறடித்து, கழிமுகத்தில் மீன் பாடு செத்துப் போன பிறகு மூட்டை தூக்க வந்தவன். ஒன்பது வருஷம் அவன் என் கேட்டில் ஏழுமலையாக இருந்தான். உள்ளே யார் "ஏழுமலை" என்று கூப்பிட்டாலும் திரும்புவான். "நான் பூட்டா கூட ஏழுமலைக்குத்தான் பால் ஊத்தணும் மேஸ்திரி" என்று சிரிப்பான். நானும் சிரித்திருக்கிறேன். அவன் சொந்தப் பேர் எழுதியிருந்த ஒரே இடம் அவனுடைய எவர்சில்வர் டப்பாதான். கல்யாணத்துக்கு வந்த டப்பா. மூடியில் டில்லிபாபு, அடியில் சரோஜா என்று பாத்திரக் கடையில் புள்ளி வைத்து வெட்டிக் கொடுத்திருந்தார்கள்.

இப்போது நான் சொல்லப் போவதைக் கவனமாகப் படி. எட்டரைக்கு நான் தட்டாமல் விட்ட ஆட்களை, ஒன்பது மணிக்கு வேறொருவன் வந்து எடுத்துக்கொண்டு போவான். ஷேர் ஆட்டோவில் வருவான். ஒரு வீட்டைக் காலி செய்ய வைக்க நாலு ஆள் வேண்டும், தவணை கட்டாத வண்டியைத் தூக்க ரெண்டு ஆள் வேண்டும், யாருக்கோ பின்னால் நிற்கப் பத்து ஆள் வேண்டும். முதலில் சும்மா நிற்க வேண்டியதுதான். அப்புறம் கையில் ஒரு கட்டை. அப்புறம் கட்டை மட்டும் போதாது. வாரத்தில் நாலு நாள் என் ஆளாக இருந்தவன் ரெண்டு நாள் அவன் ஆளாக இருந்தான். எல்லாரும் போனார்கள் என்று எழுதினால் என் கை அழுகிப் போகும். பெரும்பாலான ஆட்கள் சோற்றைத் தின்றுவிட்டு, மானத்தோடு வீட்டுக்குத்தான் போனார்கள். ஆனால் போனவர்கள் எல்லாம் அந்தச் சுவரோரத்திலிருந்துதான் போனார்கள். எங்காவது வெட்டு விழுந்தால் பேப்பரில் 'முன்விரோதம்' என்று இரண்டு வரி போடுவான். காலேஜில் உன் தோஸ்துகள் "உங்க ஏரியான்னாலே கத்திதான்டா" என்று கிண்டல் செய்ததாக வந்து குதித்தாய், ஞாபகம் இருக்கிறதா? "இவனுங்க ரத்தமே அப்படிடா" என்று நான் சொன்னேன். வாய் கூசாமல் சொன்னேன். ரத்தமாவது கித்தமாவது! எட்டரைக்கும் ஒன்பதுக்கும் நடுவில் இருந்த அந்த அரை மணி நேரம் எனக்கு நன்றாகத் தெரியும்.

தெரிந்ததோடு விட்டேனா? பக்கத்து யார்டு மேஸ்திரி நம் கேட்டை, அதாவது அங்கே ஆள் விடுகிற உரிமையை, பிடிக்கப் பார்க்கிறான் என்று பேச்சு வந்தது. ஒரு வியாழக்கிழமை, அந்த ஷேர் ஆட்டோக்காரன் செய்கிற வேலையை நானே செய்தேன். நல்ல உயரமான பத்துப் பேருடைய டப்பாக்களை வேண்டுமென்றே தட்டாமல் விட்டு, ஒன்பது மணிக்கு அவர்களைக் கூப்பிட்டு, அந்த மேஸ்திரியின் கேட்டுக்கு முன்னால் போய் நிற்கச் சொன்னேன். டில்லி ஆறடி. அவனையும் சேர்த்தேன். "எனுக்கு இந்த கலீஜ் வேலல்லாம் வாணாம் மேஸ்திரி. உள்ள மூட்டையே குடு" என்றான். "யாரையும் தொட வாணாம், சும்மா நின்னுகினு இரு. இன்னிக்கு நின்னாதான் நாளைக்கு உள்ள" என்றேன். நின்றான். தள்ளுமுள்ளு ஆகி, போலீஸ் வந்து, ஒரு ஏட்டு நின்றவர்களின் பேரையெல்லாம் கேட்டு எழுதிக்கொண்டார். மற்றவர்கள் வாய்க்கு வந்த பேரைச் சொன்னார்கள். இவன் மட்டும் அப்பா பேரோடு உண்மைப் பேரைச் சொன்னான். ஒன்பது வருஷத்தில் அந்த ரோட்டில் அவன் சொந்தப் பேரை ஒருவர் காகிதத்தில் எழுதியது அன்றைக்குத்தான்.

அடுத்த செவ்வாய்க்கிழமை, பத்தரை மணிக்கு, பட்டப்பகலில், ரயில்வே கேட்டுக்குப் பக்கத்தில் அந்த மேஸ்திரியின் வலது கை போல இருந்த ஒருவனை வெட்டிச் சாய்த்துவிட்டார்கள். யார் செய்தார்கள் என்று எனக்கு இன்றுவரை தெரியாது, அது சத்தியம். ஆனால் யார் செய்யவில்லை என்று தெரியும். பத்தரைக்கு டில்லி யார்டுக்குள்ளே லாரி மேல் நின்று அரிசி மூட்டை அடுக்கிக்கொண்டிருந்தான். ஒரு மூட்டை கிழிந்து கொட்டியதற்கு நான்தான் கீழே நின்று அவனைக் கண்டபடி திட்டிக்கொண்டிருந்தேன். பன்னிரண்டரைக்குச் சாப்பிட உட்கார்ந்தான். டப்பா மூடியைக்கூடத் திறக்கவில்லை, யாரோ பார்க்க வந்திருக்கிறார்கள் என்று வாட்ச்மேன் கூப்பிட்டான். "தோ வந்துட்றேன்" என்று டப்பாவை என் ரூமில் மேஜைக்கு அடியில் தள்ளிவிட்டுப் போனான். கேட்டுக்கு வெளியே ஜீப் நின்றிருந்தது. பஸ் ஸ்டாப்பில் கத்தியோடு பிடித்ததாக எழுதிக்கொண்டார்கள். வியாழக்கிழமை எழுதிய அந்தப் பேர்ப் பட்டியல்தான் ஆதாரம்.

மறுநாள் ஒரு அதிகாரி வந்தார். "டில்லிபாபு உன் ஆளா?" என்று கேட்டார். ஆமாம் சார், பத்தரைக்கு இங்கேதான் இருந்தான், என் கண் முன்னால் இருந்தான் என்று சொன்னால் முடிந்தது. ஆனால் எந்தப் பாஸில் உள்ளே வந்தான் என்று கேட்பார். ஏழுமலை யார் என்று கேட்பார். அப்புறம் முனுசாமி யார், கன்னியப்பன் யார் என்று முப்பது பேரும் அவிழ்ந்துவிடும். கேட்டு போய்விடும். நான் வருகைப் பதிவை எடுத்து அவர் முன்னால் விரித்து, "நீங்களே பாருங்க சார், இந்தப் பேர்ல எங்கிட்ட ஆளே கெடையாது" என்றேன். அவர் இரண்டு பக்கம் புரட்டினார். "எழுத்து நல்லா கீது மேஸ்திரி" என்று சொல்லிவிட்டு எழுந்து போனார். அந்தப் பாராட்டு இன்னும் காதில் கிடக்கிறது.

மூன்றாம் நாள் சரோஜா வந்தாள். கைக்குழந்தையோடு, மீன் கூடையைக் கேட்டுக்கு வெளியே இறக்கி வைத்துவிட்டு நின்றாள். அழவில்லை. "மேஸ்திரி, வக்கீலாண்ட பேசுனேன். அன்னிக்கு அவுரு வேலைக்கு வந்ததுக்கு எதுனா இருந்தா எட்த்துகினு வான்னாரு. அவுரு டப்பா இங்கதான கீது? காலைல நான் கட்டிக் குட்த்தேன், நெத்திலிக் கொழம்பு. அத்த மட்டும் குடு மேஸ்திரி" என்றாள். டப்பா என் மேஜைக்கு அடியில், என் கால் கட்டை விரலில் இடித்துக்கொண்டு இருந்தது. நான் காலால் அதை உள்ளே தள்ளிக்கொண்டே, "இங்க எந்த டப்பாவும் இல்லம்மா. அவன் அன்னிக்கு வேலைக்கே வரலியே" என்றேன். அவள் என்னையே பார்த்தாள். "நல்லா யோசிச்சு சொல்லு மேஸ்திரி" என்றாள். யோசித்துத்தான் சொன்னேன் ராஜா. அவள் கூடையைத் தலையில் தூக்கி வைத்துக்கொள்ள ஆள் இல்லாமல் வாட்ச்மேனைக் கூப்பிட்டுத் தூக்கி வைக்கச் சொன்னாள். நான் அந்தச் சோற்றை நாய்க்குக் கொட்டினேன். கெட்டுப்போய் நாறிக்கொண்டிருந்தது.

அப்போதுதான் உன்னை அந்தப் பெரிய பள்ளிக்கூடத்தில் சேர்த்திருந்தேன். 'எல்லாம் உனக்காகத்தான்' என்று எழுதினால் உனக்கு மனசு இளகும், எனக்கும் பாரம் இறங்கும். ஆனால் அது பொய். உன் முகம் அந்த நேரத்தில் ஞாபகத்துக்கே வரவில்லை. மேஸ்திரி என்ற பேர் போய்விடும், பேனாவால் தட்டிக்கொண்டு நடக்கிற அந்த நடை போய்விடும் என்று பயந்தேன். அவ்வளவுதான். பொட்டலம் கட்டி வேறு பேர் வைக்க வேண்டியதில்லை.

டப்பாவை யார்டில் விடவும் பயம், குப்பையில் போடவும் பயம். காலடிப்பேட்டை வீட்டுக்கே கொண்டுவந்து, மொட்டை மாடியில் உட்கார்ந்து அரத்தால் மூடியில் இருந்த டில்லிபாபுவைச் சுரண்டினேன். அடியைத் திருப்பி சரோஜாவைச் சுரண்டுவதற்குள் உன் அம்மா துணி காயப்போட வந்துவிட்டாள். வாங்கிப் பார்த்தாள். "யாரு இந்த சரோஜா?" என்றாள். டில்லியின் பெண்டாட்டி பேர் அவளுக்குத் தெரியாது. நான் விழித்த விழியில் அவள் வேறு கணக்குப் போட்டுவிட்டாள். ஒரு வாரம் எனக்குச் சோறு போட்டது நீ. தட்டை நீதான் கொண்டுவந்து வைப்பாய், அவள் அடுப்படியிலிருந்து, "அந்த சரோஜாவாண்ட போயி துன்னச் சொல்லு உங்கப்பன!" என்று கத்துவாள். கூத்தியா வைத்திருக்கிறேன் என்று நினைத்தாலும் நினைத்துக்கொள்ளட்டும், உண்மை தெரிய வேண்டாம் என்று நான் வாயைத் திறக்கவில்லை. எவ்வளவு கேவலம் பார். பிறகு அவளே சமாதானமாகி, நல்ல டப்பா வீணாகக் கூடாதென்று அதில் புளி போட்டு வைத்தாள். பதினெட்டு வருஷமாக நம் வீட்டு ரசத்துக்கும் குழம்புக்கும் அதிலிருந்துதான் புளி எடுத்தோம்.

டில்லி ஜாமீன் கிடைக்காமல் பதினாலு மாதம் உள்ளே இருந்தான். உள்ளே தனி ஆளாக இருக்க முடியாது, யாரோ ஒருவன் பக்கம் ஒதுங்கித்தான் ஆக வேண்டும். ஒதுங்கினான். சாட்சி நிற்கவில்லை என்று பிற்பாடு கேஸ் தள்ளுபடி ஆனது, ஆனால் ஸ்டேஷன் பட்டியலில் ஏறின பேர் இறங்கவில்லை. ஜாமீனில் வெளியே வந்த மறுநாளே என் கேட்டுக்கு வந்து, ஒரு பிளாஸ்டிக் டப்பாவைச் சுவரோரம் வைத்துவிட்டு எதிர்ப்பக்கம் போய் நின்றான். நான் பேனாவோடு நடந்தேன். அவன் டப்பாவுக்கு இந்தப் பக்கத்து டப்பாவைத் தட்டினேன். அந்தப் பக்கத்து டப்பாவைத் தட்டினேன். அதைத் தட்டவில்லை. எட்டு நாள் வந்தான். ஒரு வார்த்தை கேட்கவில்லை. ஒன்பதாம் நாள் நான் ரூம் ஜன்னல் வழியாகப் பார்த்துக்கொண்டே இருக்கும்போது, ஒன்பது மணிக்கு வந்த ஷேர் ஆட்டோவில் ஏறிப் போனான்.

அந்த வருஷந்தான் தேரடியில் உன் கையைப் பிடித்துக்கொண்டு போகும்போது எதிரே அவன் வந்தான். "இன்னா ராஜா, நீச்சல் மறந்துட்டியா?" என்று உன்னைப் பார்த்துச் சிரித்தான். நீ மாமா என்று ஓடப் பார்த்தாய். நான் உன் கையை இழுத்துக்கொண்டு ரோட்டைத் தாண்டினேன். ஏன் என்று கேட்டாய். "அவன் ரவுடிடா. அவன் பேச்ச இனிமே எடுக்காத" என்றேன். நீ சமர்த்துப் பிள்ளை, எடுக்கவே இல்லை. இரண்டு வருஷம் கழித்து அவன் ஒரு லாரி புரோக்கரின் குமாஸ்தாவை வெட்டினான். அந்த மனிதர் வலது கையை இழந்து, இடது கையால் எழுதக் கற்றுக்கொண்டார். பேப்பரில் படித்தபோது, 'பார்த்தாயா, நான் அன்றைக்கே சொன்னேனே' என்று எனக்கு ஒரு நிம்மதி வந்தது. இந்தக் கடிதத்தில் எழுதவே கூசுகிற வரி அதுதான். எழுதிவிட்டேன்.

நீ சாப்பாட்டில் அவன் பேச்சை எடுத்த நாலாம் நாள், புளியை வேறு டப்பாவில் கொட்டிவிட்டு, இதைக் கழுவித் துடைத்து மஞ்சள் பையில் போட்டுக்கொண்டு நெட்டுக்குப்பம் போனேன். விசாரித்துக் கண்டுபிடித்தேன். சரோஜா வாசலில் குந்தி மீன் ஆய்ந்துகொண்டிருந்தாள். முடி நரைத்துவிட்டது. பையிலிருந்து டப்பாவை எடுத்ததும் அவள் கை நின்றது. செதில் ஒட்டின கையோடு வாங்கி, அடியைத் திருப்பித் தன் பேரைப் பார்த்தாள். பிறகு மூடியைத் திருப்பி, அரம் போட்ட இடத்தைக் கட்டை விரலால் தடவிக்கொண்டே இருந்தாள். "என் பேர வுட்டுட்டு அவுரு பேர மட்டும் சொரண்டிக்கிறியே மேஸ்திரி" என்றாள். அப்புறம் குரல் ஏறியது. "உங்காலாண்டதான இருந்திச்சு? நான் வந்து நின்னுகினு கேக்கசொல்ல, அங்கதான இருந்திச்சு? பதினெட்டு வருசம்யா! நீயும் சோறுதான துன்ற?" அக்கம்பக்கத்து ஆட்கள் எட்டிப் பார்த்தார்கள். ஆமாம் என்றேன். காலில் விழப் போனேன். அவள் காலை இழுத்துக்கொண்டாள்.

டில்லி உள்ளேயிருந்து வந்தான். நாற்காலியைத் துடைத்துப் போட்டான். நான் உட்காரவில்லை. எல்லாவற்றையும் சொன்னேன், தரையைப் பார்த்துக்கொண்டே சொன்னேன். "தெரியும் மேஸ்திரி" என்றான். "நீ பதிவ காமிச்சது, ஸ்டேஷன்லயே சொன்னாங்கோ. எனுக்கு கோவம் இல்லன்னு சொல்ல மாட்டேன். எட்டு நாளு வந்து நின்னனே, அதான் ஆறல. ஆனா அந்த குமாஸ்தா கைய வெட்டுனது நான். அத்த உன் தலைல தூக்கி வெச்சுக்காத. அது எனுது." மன்னித்துவிடு என்று ஆரம்பித்தேன். "அதெல்லாம் வாணாம். புள்ளையாண்ட மட்டும் சொல்லிடாத. உன்னப் பத்தி பெருசா நெனச்சுகினு கீறான், ஆபீஸ்ல உன் போட்டோ மாட்டிக்கிறான், பாத்தேன்" என்றான். உனக்கு என்னதான் செய்யட்டும் டில்லி என்று கேட்டேன். டப்பா மூடியைத் திறந்து மூடிக்கொண்டிருந்தான். "என் பேருல ஒரு நாள் வேல. ஒரே ஒரு நாளு. டில்லிபாபுன்னு கூப்ட்டா நான் திரும்பணும். இன்னும் ஏழுமலைன்னா திரும்புறேன் மேஸ்திரி, தெர்ல ஏன்னு" என்றான்.

சொல்லாதே என்று அவன் கேட்டுக்கொண்டதையும் மீறித்தான் உனக்குச் சொல்லியிருக்கிறேன். அவன் கேட்டதில் அதை மட்டும் என்னால் செய்ய முடியவில்லை. காரணம் இருக்கிறது. போன வாரம் உன் சூப்பர்வைசர் ஸ்பீக்கரில், "சார், ஆள் பத்தல, புதுசா வெரிஃபிகேஷன் போட்டா லேட்டாவும், ஒரு ஐடில ரெண்டு பேரு ஓட்டட்டும்" என்றான். நீ இட்லியைப் பிட்டுக்கொண்டே, "சரி, பாத்துக்கோ" என்றாய். கெட்ட எண்ணத்தோடு சொல்லவில்லை. எனக்கும் கெட்ட எண்ணம் எதுவும் இருக்கவில்லை ராஜா, வேலை நடந்தால் போதும் என்றுதான் இருந்தேன். உன் குடோனில் இந்நேரம் எத்தனை ஏழுமலை நிற்கிறான் என்று உனக்கே தெரியாது. ஒருவனுக்கு ஏதாவது ஆகி, அவன் பெண்டாட்டி வந்து உன் மேஜைக்கு முன்னால் நின்றால், நீயும் கம்ப்யூட்டரைத் திருப்பிக் காட்டி, இந்தப் பேரில் ஆளே இல்லையம்மா என்று சொல்லிவிட முடியும். பொய்கூட இல்லை, திரையில் அப்படித்தான் இருக்கும்.

திங்கட்கிழமை நான் டில்லியோடு வக்கீலிடம் போகிறேன். அந்தச் செவ்வாய்க்கிழமை பத்தரை மணிக்கு அவன் ஏழுமலை பேரில் என் யார்டுக்குள் இருந்தான், நான் பொய் சொன்னேன் என்று எழுதிக் கையெழுத்துப் போடப் போகிறேன். பட்டியலிலிருந்து பேரை எடுக்கச் சொல்லி மனு போட அது உதவலாம், உதவாமலும் போகலாம் என்கிறார் வக்கீல். உன் கம்பெனி லைசென்ஸ் என் பேரில் இருப்பதால் கேள்வி வரும் என்றும் சொன்னார். வரட்டும். தடுக்காதே. என்னோடு பேசாமல் இருப்பதானாலும் இரு, அம்மாவிடம் மட்டும் கோபத்தைக் காட்டாதே. அவளுக்கு நேற்றுதான் சொன்னேன். புளி இருந்த இடத்தையே வெகுநேரம் பார்த்துக்கொண்டிருந்தாள்.

அதற்கு முன்னால், காலை எட்டரைக்கு, நாங்கள் இரண்டு பேரும் உன் கேட்டுக்கு வருவோம். டில்லி அந்த டப்பாவை உன் சுவரோரம் வைத்துவிட்டு எதிர்ப்பக்கம் போய் நிற்பான். இப்போதெல்லாம் அப்படி இல்லையடா என்று சொல்லிப் பார்த்தேன், எனக்கு அப்படித்தான் பழக்கம் என்கிறான். நானும் பக்கத்தில் நிற்பேன். அந்தப் பக்கம் நான் ஒரு நாளும் நின்றதில்லை. மூடியில் பேர் இருக்காது, சுரண்டிய இடம்தான் இருக்கும், அதனால் நீயே ரோட்டைத் தாண்டி வந்து அவனிடம் பேர் கேட்க வேண்டும். கேட்டு, அவன் சொல்வதை அப்படியே உன் கையால் எழுது. உன் எழுத்து எப்படி இருந்தாலும் பரவாயில்லை, ராஜா.

அப்பா